மெக்கானிக்கல் சீட் யாருக்கு? – ஒரு சின்ன வரலாற்றுச் சுற்று



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம்ம புதுச்சேரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "கட்-ஆஃப் எவ்வளவு?" அடுத்த கேள்வி, "எந்த குரூப் எடுக்கப் போற?" பையன் மெக்கானிக்கல் என்று சொன்னால் ஒரு மாமா, "இரும்போட மல்லுக்கட்டணும்பா" என்பார். இன்னொரு மாமா, "எவர்கிரீன் பிராஞ்சு, கண்ணை மூடிட்டு சேரு" என்பார். இந்த இரண்டு மாமாக்களும் எல்லா வீட்டிலும் உண்டு :-)

எனக்கு வேறொரு சந்தேகம். இந்தப் படிப்புக்கு "நீ தகுதியானவன்" என்று முதன்முதலில் யார், எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? கணக்கு, இயற்பியல், வேதியியல் என்ற மூன்று பாடம் எப்போதும் இருந்ததா? தேடிப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு காலத்திலும் இந்தக் கதவுக்கு வேறு வேறு பூட்டு இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1794: இரண்டு ஊர், இரண்டு பள்ளிக்கூடம்

1794-ஆம் வருடம் மே மாதம் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அதற்குக் காரணமானவர் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வானியல் அறிஞர், சென்னை வானாய்வுக்கூடத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்.

முதல் வகுப்பில் எட்டுப் பையன்கள். நுழைவுத் தகுதி என்ன தெரியுமா? அனாதை விடுதியில் இருப்பதுதான்! சென்னையில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதி ஒன்று இருந்தது. ஐரோப்பியத் தகப்பனுக்குப் பிறந்து ஆதரவில்லாமல் போன பிள்ளைகள், அதிலும் தாய் இந்தியராக இருந்தவர்கள், அங்கே வளர்ந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட, இவர்களுக்குக் கொஞ்சம் கணக்கும் அளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் செலவு குறைவு என்பது கம்பெனியின் கணக்கு. மார்க் கிடையாது, தேர்வு கிடையாது.

அதே 1794-ல் பாரிசில் இன்னொரு பள்ளி தொடங்கியது. எகோல் பாலிடெக்னிக். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். பிரபுவின் மகனா, யார் வீட்டுப் பையன் என்று பார்க்காமல், பல ஊர்களில் கணக்குத் தேர்வு வைத்து அதில் தேறியவர்களை எடுத்தார்கள். இன்று நாம் பயப்படுகிற எல்லா நுழைவுத் தேர்வுகளுக்கும் இதை ஒரு தாத்தா என்று சொல்லலாம்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இந்தப் பள்ளியோடு நேரடி உறவு உண்டு. முதல் வருடம் என்ஜினியரிங் டிராயிங்கில் மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம் என்று போடுகிறோமே, அந்த முறைக்குக் கணித அடிப்படை கொடுத்தவர் காஸ்பார் மோன்ஜ். இந்தப் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் கார்னோ சுழற்சி வராத வருடம் உண்டா? அந்த சாடி கார்னோ இங்கே படித்தவர். நீராவி இயந்திரம் ஏன் இவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறது, அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்று 1824-ல் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். நம் பாடத்தில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

"அப்போ பிரெஞ்சுக்காரன் ஊரான புதுச்சேரிக்கு இது வந்திருக்கணுமே?" என்று கேட்பீர்கள். 1794-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலேயே இல்லை. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுத்தது 1816-ல். சரி, திரும்பக் கொடுத்த பிறகாவது வந்ததா?

மில் வந்தது, கல்லூரி வரவில்லை

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்ல முடியாது. 1826-ல் அரசுக் கல்லூரி (இன்றைய பிரெஞ்சு லிசேயின் முன்னோடி), 1838-ல் சட்டப்பள்ளி, 1863-ல் மருத்துவப்பள்ளி. இன்றைய ஜிப்மரின் பழைய வேர் அந்த மருத்துவப்பள்ளியில்தான் இருக்கிறது. வக்கீலும் வைத்தியரும் இங்கேயே உருவானார்கள்.

இயந்திரமும் வந்தது. 1820-களின் கடைசியிலேயே இங்கே இயந்திர நூற்பாலை வந்துவிட்டது. பின்னாளில் சவானா மில் என்றும், அதற்குப் பிறகு சுதேசி மில் என்றும் பெயர் பெற்றது. 1892-ல் கெப்ளே மில் (பிறகு பாரதி மில்), 1898-ல் ரோடியர் மில் (பிறகு ஏ.எஃப்.டி.). இதற்கிடையில் 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயிலும் வந்துவிட்டது. கொதிகலன், நீராவி இயந்திரம், தண்டு, பெல்ட், கியர், நூற்றுக்கணக்கான தறிகள் என்று ஒரு முழு மெக்கானிக்கல் உலகம் முதலியார்பேட்டைப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த இயந்திரம் ஏன் ஓடுகிறது என்று பட்டப்படிப்பாகச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி இந்த ஊரில் இல்லை. இயந்திரங்கள் கப்பலில் வந்தன. பழுதானால் சரிசெய்கிற கைகள் உள்ளூர்க் கைகள். அந்தக் கைகளின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு 1936 ஜூலை 30 சாட்சி. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லியும் சங்க உரிமை கேட்டும் போராடிய சவானா மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். வ.சுப்பையா போன்றவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

முதல் நூற்பாலை வந்ததிலிருந்து முதல் பொறியியல் கல்லூரி வருவதற்கு இந்த ஊருக்குச் சுமார் 150 வருடம் ஆனது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த 150 வருடமும் கட்-ஆஃப் என்ற பிரச்சினையே இல்லை. ஏனென்றால் போய் நிற்க ஒரு கதவே இல்லை.

கிண்டியில் மெக்கானிக்கல்

பிரிட்டிஷ் பக்கம் பார்ப்போம். நில அளவைப் பள்ளி 1858-ல் சிவில் என்ஜினியரிங் பள்ளியாகி, பிறகு கல்லூரியானது. முதலில் எல்லாம் சிவில்தான். அரசாங்கத்துக்குத் தேவை ரோடு, பாலம், வாய்க்கால். மெக்கானிக்கல் துறை வந்தது 1894-ல், அதாவது பள்ளி தொடங்கிச் சரியாக நூறு வருடம் கழித்து. இந்தியாவிலேயே இதுதான் முதல் மெக்கானிக்கல் துறை என்று சொல்வார்கள். சேப்பாக்கத்திலிருந்து கல்லூரி கிண்டிக்கு மாறியது 1920-ல்.

பெண்களுக்கு இந்தக் கதவு திறக்க 1940 ஆகிவிட்டது. அப்போது ஏ.லலிதா எலக்ட்ரிக்கலிலும், தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவிலிலும் சேர்ந்தார்கள். கவனியுங்கள், மெக்கானிக்கலில் யாரும் இல்லை. அதற்கு வங்காளத்துக்குப் போக வேண்டும். சிப்பூர் கல்லூரியில் 1947-ல் சேர்ந்து 1951-ல் பட்டம் வாங்கிய இலா மஜும்தார்தான் இந்தியாவின் முதல் பெண் மெக்கானிக்கல் என்ஜினியர் என்று அறியப்படுபவர். இன்றைக்கும் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்களின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணலாம் என்பதை நம் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாலே தெரியும்.

395 இடங்களும் ஒரு வழக்கும்

நம் சேர்க்கை வரலாற்றில் இதுதான் பெரிய திருப்பம். இட ஒதுக்கீடு பற்றிப் பேசும் எல்லாரும் செம்பகம் துரைராஜன் வழக்கைச் சொல்வார்கள். அது மருத்துவக் கல்லூரி வழக்கு என்றுதான் பலருக்கும் தெரியும். உண்மையில் அதில் இரண்டு மனுதாரர்கள். இன்னொருவர் சி.ஆர்.சீனிவாசன், பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த மாணவர்.

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த அரசுப் பொறியியல் கல்லூரிகள் நான்கு. மொத்த இடம் 395. இன்றைய ஆந்திரா, கேரளா, கர்நாடகாவின் சில பகுதிகளும் சேர்ந்த பெரிய மாகாணத்துக்கு மொத்தமே 395! வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பிரிக்கப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஆதிதிராவிடர் 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1.

சீனிவாசன் இண்டர்மீடியட்டில் சேர்க்கைக்குக் கணக்கிடும் பாடங்களில் 450-க்கு 369 வாங்கியிருந்தார். மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. அதே வருடம் ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அந்தப் பிரிவு.

இதில் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். 369 மார்க் வாங்கிய பையனின் ஏமாற்றம் உண்மை. ஆனால் அந்த 369-ஐ எடுப்பதற்குத் தேவையான உயர்நிலைப்பள்ளியும் கல்லூரியும் எத்தனை கிராமத்தில், எத்தனை சாதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன என்ற கேள்வியும் உண்மை. தேர்வு என்பது ஓட்டப்பந்தயம் மாதிரி. ஓடுகிறவனின் வேகத்தை அளக்கும், எங்கிருந்து ஓட ஆரம்பித்தான் என்று பார்க்காது. 15(4) அந்த ஆரம்பக் கோட்டைப் பற்றியது.

இந்த வழக்கு நடந்தபோது புதுச்சேரி பிரான்சின் கையில்தான் இருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் மாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி இணைந்தது.

ஜி.டி.நாயுடுவின் கோபம்

இந்தக் கதையில் ஜி.டி.நாயுடுவை விட்டுவிட்டால் பாவம். பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். வெளிநாட்டு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துக் கற்றவர். 1937-ல் இந்தியாவில் செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகப் பெரும் காரணமாக இருந்தார். ஆனால் நான்கு வருடப் படிப்பு தேவையில்லாத இழுவை, இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அரசு கேட்கவில்லை. விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இரண்டு வருடம் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை மட்டும் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் வேண்டும் :-) ஆனால் அவர் கேள்வியின் சாரம் சரி. இன்றைய விதிப்படி ஜி.டி.நாயுடுவே வந்து விண்ணப்பித்தாலும் மெக்கானிக்கல் சீட் கிடைக்காது! லேத்தில் ஒரு தண்டைச் சரியான அளவுக்குக் கடையத் தெரிவதற்கும், அரத்தை எடுத்து ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவத் தெரிவதற்கும் நம் சேர்க்கை முறையில் ஒரு மார்க்கூட இல்லை. 1794-லிருந்து இன்றுவரை எந்தப் பூட்டும் கைவேலையை அளக்கவில்லை.

புதுச்சேரிக்குக் கதவு வந்த கதை

பிரெஞ்சு நிர்வாகம் போன பிறகு, 1961-ல் இலாசுப்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் வந்தது. பத்தாவது முடித்தால் மூன்று வருட டிப்ளமோ. பட்டப்படிப்பு வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். கிட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இல்லையென்றால் கிண்டி, திருச்சி.

1980-களின் நடுவில்தான் காலாப்பட்டுப் பக்கம் பிள்ளைச்சாவடியில் புதுவை பொறியியல் கல்லூரி வந்தது. 1985-ல் பல்கலைக்கழகச் சட்டமும் வந்தது. அந்தக் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. காரைக்காலில் என்.ஐ.டி. 2010-ல் தொடங்கியது.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பள்ளித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளப் பாடத்திட்டம், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டம் என்று பல காலம் ஓடியது. மூன்று வாரியம், மூன்று விதமான வினாத்தாள், மூன்று விதமான திருத்தும் பழக்கம். ஆனால் சென்டாக் கலந்தாய்வில் எல்லாரும் ஒரே யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகள். மாஹே பையனின் 90-ம் காரைக்கால் பெண்ணின் 90-ம் ஒன்றா என்பது லேசான கேள்வி இல்லை. 2023-24 முதல் அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ.-க்கு மாறின. இதனால் சிக்கல் தீர்ந்ததா, இல்லை, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கும் தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இடையில் புது இடைவெளி வந்ததா என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு வந்ததும் போனதும்

தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் வழி திறந்தது. ஒரு பக்கம் பூட்டு, இன்னொரு பக்கம் புதுக் கதவுகள். அப்போது மொத்தம் 300-க்குக் கணக்கு: ப்ளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100.

நகரத்தில் கோச்சிங் சென்டர் பெருகியது. பணமும் பஸ் வசதியும் இருக்கிற பையனுக்கு அந்த 100-ல் லாபம், கிராமத்துப் பிள்ளைக்கு நஷ்டம் என்ற குரல் எழுந்தது. ரத்து செய்ய எடுத்த முதல் முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்த பிறகு 2006 டிசம்பரில் சட்டம் நிறைவேறி, 2007-08 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு ஒழிந்தது. இப்போது 200-க்குக் கணக்கு. கணக்குப் பாடம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உதாரணமாகக் கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 90 + 40 + 42 = 172.

இதிலும் ஒரு விலை இருந்தது. நுழைவுத் தேர்வு போனதும் ப்ளஸ் டூ மார்க்கே எல்லாம் என்றானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் மனப்பாடம் செய்யவைக்கும் பள்ளிகள் செழித்தன. அப்படி 195 கட்-ஆஃப் வாங்கி வந்தவர்கள் முதல் செமஸ்டரில் வெக்டரைப் பார்த்துத் திணறினார்கள். 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கோச்சிங் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியது. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கனவுக்கு 2002-ல் ஏ.ஐ.இ.இ.இ. வந்து, 2013-ல் அது ஜே.இ.இ. மெயின் ஆகி, அந்தக் கடை தனியாக நடக்கிறது.

தமிழில் மெக்கானிக்கல்

2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இரண்டே பிராஞ்சு. சிவில், மெக்கானிக்கல். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு "ஷியர் ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லே சுவர் மாதிரி நிற்கும். தகுதி இருந்தும் மொழி தடுக்கக்கூடாது என்பது நல்ல எண்ணம். ஆனால் சேருகிறவர்கள் குறைந்தார்கள். 2023-ல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. புத்தகம், வேலைக்கான நேர்முகத் தேர்வு, மேல்படிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது வகுப்பை மட்டும் தமிழாக்கினால் பிள்ளைகள் தயங்கத்தானே செய்வார்கள்?

முடிவாக

அனாதை விடுதி, இண்டர்மீடியட் மார்க், வகுப்புவாரி 14, 300, 200... பூட்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் யாருக்கு என்ன தேவைப்பட்டதோ அதைக் காட்டுகிறது. கம்பெனிக்கு மலிவான ஆள் தேவைப்பட்டது. சுதந்திர இந்தியாவுக்கு நியாயம் தேவைப்பட்டது. நமக்கோ மாமாவுக்குச் சொல்ல ஒரு நம்பர் தேவைப்படுகிறது.

எனக்கு இதில் பிடித்த கதவு அதிகம் பேசப்படாத ஒன்று. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருடம் சேர்கிற லேட்டரல் என்ட்ரி. வகுப்பில் அவர்களைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கிறவர்கள் உண்டு. கணக்குப் பேப்பரில் அவர்கள் தடுமாறுவதும் உண்மைதான். ஆனால் பட்டறைக்குள் போனால் நிலைமை தலைகீழ். லேத்தில் வேலைத்துண்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருவது அவர்கள்தான். மில் நடந்த 150 வருடமும் கதவே இல்லாமல் நின்ற கைகளுக்கு இப்போதுதான் ஒரு சின்ன வழி கிடைத்திருக்கிறது. சவானா, ரோடியர் என்று பெயர் பெற்ற அந்த மில்கள் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டன. அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளில் யாராவது இன்று நம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த முறை யாராவது கட்-ஆஃப் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அது நாம் எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைச் சொல்லும். உள்ளே வந்து என்ன கற்றோம் என்பதை அந்த நம்பரால் சொல்ல முடியாது, அது நம் பொறுப்பு.